கத்தரிக்கோலுடன் வந்த நடுவர்

மாலை மணி நான்கு இருபது. நான் முதலில் பார்த்தது கத்தரிக்கோலை. மழுங்கிய முனை, ஆரஞ்சு நிறப் பிடி. முதலுதவிப் பெட்டியில் பஞ்சும் பிளாஸ்திரியும் வெட்டுவதற்காகக் கிடக்கும் சின்னக் கத்தரிக்கோல். அது நடுவரின் வலது கையில் இருந்தது. அவருடைய இடது கை என் மணிக்கட்டைப் பிடித்திருந்தது.

இடம், கெலுகோரில் ஒரு திடல். பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டோருக்கான எழுவர் காற்பந்துப் போட்டியின் இறுதி ஆட்டம். நாலரைக்குத் தொடங்க வேண்டும். எனக்கு வயது பதினொன்று. பாயான் பாரு அடுக்குமாடிப் பிள்ளைகள் சேர்ந்த எங்கள் குழுவில் நான் ஒருத்திதான் பெண். இடது ஓரத்தில் ஆடுவேன். மொத்தம் எட்டுப் பேர். ஒருவன் முந்தின நாள் சைக்கிளிலிருந்து விழுந்து காலை வீங்க வைத்துக்கொண்டான். மிச்சம் ஏழு. என்னை வெளியே நிறுத்தினால் ஆறு பேர்தான் ஆட வேண்டும்.

நடுவர் பிடித்திருந்த மணிக்கட்டில் காப்பு இருந்தது: மஞ்சளில் நனைத்த கயிறு, அதில் முடிந்த ஒரு துண்டு விரலி மஞ்சள். தைப்பூசத்துக்கு இன்னும் ஒன்பது நாள். முந்தின ஆண்டு இறுதியில் என் தம்பிக்கு டெங்கிக் காய்ச்சல் கண்டு ஐந்து நாள் மருத்துவமனையில் கிடந்தான். அவன் பிழைத்து எழுந்தால் மூத்த பிள்ளை தண்ணீர்மலைக் கோயிலுக்குப் பால்குடம் எடுப்பாள் என்று அம்மா வேண்டிக்கொண்டாள். மூத்த பிள்ளையை யாரும் கேட்கவில்லை. ஆனால் தம்பி எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டதை நானும் பார்த்தேன். காப்புக் கட்டும்போது கையை நானாகத்தான் நீட்டினேன். பூசாரி சொன்னது ஒன்றுதான். பால்குடம் இறக்கிய பிறகே இதை அவிழ்க்கலாம். நடுவில் அறுந்தால் விரதம் அறுந்தது. அறுந்தால் தம்பிக்கு என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. பதினொரு வயதில் அதை யாரும் சொல்ல வேண்டியதில்லை.

அந்த நடுவரை எங்கள் வட்டாரத்தில் காற்பந்து ஆடும் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும். தமிழர். ஐம்பதை நெருங்கியவர். கறுப்புச் சட்டையின் கையில் இஸ்திரி மடிப்பு, கத்தி மாதிரி நிற்கும். வார நாள்களில் ஏதோ தொழிற்சாலையில் பெரிய வேலை என்று பேச்சு. எங்களைப் பொறுத்தவரை அவர் ஞாயிற்றுக்கிழமை மட்டும் இருப்பவர். காலுறை இரண்டு விரற்கடை இறங்கியிருந்தால் ஆட்டத்தை நிறுத்துவார். பந்தை உள்ளே எறியும்போது குதிகால் எழும்பினால் விசில். "ஏன் ரெஃப்?" என்று கேட்டால் மஞ்சள் அட்டை. ஒரு தடவை எங்கள் கோல் காவலன் தும்மியதற்கு, தன்னைக் கேலி செய்கிறான் என்று எச்சரித்தார்.

அவரைச் சமாளிக்க ஒவ்வொருவரும் ஒரு வழி வைத்திருந்தார்கள். அம்மாமார் இடைவேளையில் ஐஸ் சிராப் கலந்து கொடுத்தார்கள். வாங்கிக் குடித்துவிட்டு இரண்டாம் பாதியிலும் அப்படியே ஊதினார். எங்கள் கோச் அதே அடுக்குமாடியில் குடியிருந்த ஒரு சீனர், பள்ளி வேன் ஓட்டுபவர். நடுவர் பார்த்தால் நீங்கள் தரையைப் பாருங்கள் என்பது கோச் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த வழி. சித்தப்பா கோட்டுக்கு வெளியே நின்று குரல் விடுவார். "என்னா ரெஃப், வீட்டுல ஊத விட மாட்டாங்களா? எல்லாத்தையும் இங்க வந்து ஊதித் தள்ளுறீங்க!" கூட்டம் சிரிக்கும். நடுவர் திரும்பிப் பார்க்க மாட்டார். அடுத்த ஐந்து நிமிடத்தில் எங்களுக்கு எதிராக ஒரு விசில் நிச்சயம்.

அப்பாவிடம் எந்த வழியும் இல்லை. மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து என் தண்ணீர் போத்தலைப் பிடித்திருப்பார். அந்த நடுவர் ஊதும் நாள்களில் மட்டும் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்து, அங்சானா மரத்தடியில் போட்டுக்கொள்வார். வெயிலுக்காக என்று நினைத்திருந்தேன்.

"இது என்னா?" என்றார் நடுவர்.

"காப்பு, ரெஃப்."

"தெரியுது. கழட்டு."

"கழட்டக் கூடாது. பால்குடம் எடுக்கணும்."

"பால்குடம் கோயில்ல. இது பந்து ஆடுற பாடாங். கையில ஒன்னும் இருக்கக் கூடாது. ரூல் ரூல்தான்."

கோச் ஓடி வந்தார். "ரெஃப், இனி செம்பாயாங் பூஞா லா," என்றார். இது சாமிக்குக் கட்டியது என்று ஒரு சீனர் ஒரு தமிழருக்கு மலாயில் விளக்கிக்கொண்டிருந்தார். "தாவ்," என்றார் நடுவர். தெரியுமாம். கோச் பிளாஸ்திரி சுற்றுகிறேன் என்றார். முடியாது. முழுக்கைச் சட்டை போடச் சொல்கிறேன் என்றார். முடியாது. துணிப்பட்டை போட்டு மூடுகிறேன் என்றார். மூடினாலும் உள்ளே இருப்பது இருப்பதுதானே என்றார் நடுவர். அந்தக் கடைசிப் பதிலைச் சொல்லும்போது சிரித்தார்.

ஆட்ட விதிகளைப் பிறகு நான் தேடி எடுத்து, ஒரு வரிகூட விடாமல் படித்திருக்கிறேன். ஆடுபவர் உடம்பில் அணிகலன் கூடாது. ஒட்டுநாடாவால் மூடுவதையும் ஏற்க முடியாது. தோல்பட்டை, ரப்பர் பட்டை என்று எழுதியிருக்கிறது. மஞ்சள் கயிறு என்று எழுதவில்லை, ஆனால் நடுவர் முடிவே முடிவு. ஆகவே அவர் விதிப்படி நடந்தார் என்று ஒருவர் வாதிக்கலாம். இதைச் சொல்லிவிட வேண்டியது என் கடமை. சொல்லிவிட்டேன்.

அதற்குள் சித்தப்பா கோட்டைத் தாண்டி உள்ளே வந்துவிட்டார். "யோவ், நீயும் காவடி பார்த்து வளந்தவன்தானே? உன் வீட்டுப் பிள்ளைன்னா வெட்டுவியா?"

"பேரன்ட்ஸ் எல்லாம் கோட்டுக்கு அந்தப் பக்கம்," என்றார் நடுவர், சித்தப்பாவைப் பார்க்காமலே. அவர் பார்வை மரத்தடிக்குப் போனது. "இவ அப்பா வந்திருக்காரில்ல?"

கேட்டுவிட்டு விரலை மடக்கினார். ஒரே ஒரு விரல், இரண்டு தடவை. கடையில் மேசை துடைக்கிறவரைக் கூப்பிடுவதுபோல.

அப்பா ஓடி வந்தார். நடந்து வரவில்லை, ஓடி வந்தார். என் தண்ணீர் போத்தல் அவர் கையிலேயே இருந்தது.

"சார்," என்றார்.

திடலில் மற்ற எல்லாரும் அந்த மனிதரை ரெஃப் என்றுதான் கூப்பிட்டார்கள். அப்பா மட்டும் சார் என்றார். அது என் காதில் விழுந்தது. ஏன் என்று கேட்டுக்கொள்ள நேரம் இல்லை.

"நான் ஆடல, அப்பா," என்றேன். இதை நான் தெளிவாகச் சொன்னேன். கோச்சும் கேட்டார். "ஆறு பேரு ஆடட்டும்."

"ஆமாண்ணே," என்றார் சித்தப்பா. "தோத்தா தோத்துட்டுப் போறாங்க. காப்ப வெட்ட வேணாம்."

நடுவர் அப்பாவிடம் மட்டும் பேசினார். குரல் உயரவே இல்லை. "ஆடாம உக்காந்தா நாளைக்கு என்னா பேசுவீங்க? ரெஃப் சாமிக்கு எதிரி, பிள்ளைய வெளிய தள்ளிட்டான்னு கோயில் வரைக்கும் பேசுவீங்க. அந்தப் பேரு எனக்கு வேணாம். வெட்டிட்டு ஆடட்டும். நான் தொட மாட்டேன். நீங்களே வெட்டுங்க."

கத்தரிக்கோலைத் திருப்பி, ஆரஞ்சுப் பிடி அப்பாவின் பக்கம் வரும்படி நீட்டினார்.

அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை. போத்தலை என் கையில் கொடுத்தார். கயிற்றுக்கும் தோலுக்கும் நடுவே ஆள்காட்டி விரலை நுழைத்தார், கத்தரி என்மேல் படாமல் இருக்க. மழுங்கிய கத்தரிக்கோல், ஒரு வெட்டில் அறுபடவில்லை. மூன்று தடவை வெட்டினார். மஞ்சள் துண்டு புல்லில் விழுந்தது. அதைக் குனிந்து எடுத்து, கயிற்றோடு சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"ஒன்னும் ஆகாதும்மா," என்றார். பிறகு கத்தரிக்கோலைத் திருப்பிக் கொடுத்து, "தேங்க் யூ சார்," என்றார்.

அந்த நன்றியை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

ஆட்டம் நான்கு முப்பத்திரண்டுக்குத் தொடங்கியது. முதல் பாதியில் நான் பந்தைத் தொட்டது நான்கு தடவை இருக்கும். ஓடும்போதெல்லாம் இடது மணிக்கட்டில் காற்றுப் பட்டது. அந்த இடம் மட்டும் வெளிறி, மஞ்சள் கறை பிடித்து இருந்தது. இடைவேளைக்குச் சற்று முன் அவர்கள் ஒரு கோல் போட்டார்கள். இடைவேளையில் யாரோ ஓர் அம்மா வழக்கம்போல நடுவருக்கு ஐஸ் சிராப் கொண்டுபோனார். அவர் குடித்து முடித்து, ஐஸ் கட்டியை வாயில் போட்டு மென்றார். அந்தச் சத்தம் எங்கள் பக்கம் வரை கேட்டது, அல்லது கேட்டதாக எனக்குத் தோன்றியது.

இரண்டாம் பாதியில் அவர்களுடைய கோல் காவலன் பந்துக்காகப் பாய்ந்து விழுந்தான். எழுந்தபோது அவன் கழுத்துப் பட்டிக்கு வெளியே ஒரு தங்கச் சங்கிலி தொங்கியது. மெல்லியது, ஆனால் வெயிலில் பளிச்சென்று தெரிந்தது. நான் ஐந்தடி தூரத்தில் நின்றேன். நடுவர் அவனுக்குப் பக்கத்தில் நின்றார். அவர் குனிந்து, இரண்டு விரலால் அந்தச் சங்கிலியைச் சட்டைக்குள் தள்ளிவிட்டு, பையன் தோளில் தட்டினார். விசில் ஊதவில்லை. கத்தரிக்கோலும் வரவில்லை.

அதற்கு முன்னும் எனக்குக் கோபம் வந்திருக்கிறது. தம்பி என் வண்ணப் பென்சிலை உடைத்தால் வரும், கணக்கு வாத்தியார் காரணமில்லாமல் அடித்தால் வரும். இது அந்த வகை இல்லை. உடம்பு சூடாகவில்லை, குளிர்ந்துபோனது. எல்லாம் மெதுவாகவும் துல்லியமாகவும் தெரிந்தது. நடுவரின் இடது சப்பாத்துக் கயிறு அவிழ்ந்திருந்ததுகூடத் தெரிந்தது.

ஆட்டம் முடிய மூன்று நிமிடம் இருந்தபோது வலது ஓரத்திலிருந்து பந்து குறுக்கே உருண்டு வந்தது. காவலன் முதலில் பாய்ந்துவிட்டு, தரையில் கிடந்தான். கோலின் வலது பாதி காலி. என்னிடம் பந்து வந்தபோது எனக்கும் கோலுக்கும் நடுவே யாரும் இல்லை. நடுவர் இடது பக்கம், ஆறேழு அடி தள்ளி, குனிந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் காலியான பக்கம் அடிக்கவில்லை.

பந்து அவர் காதோடு சேர்த்துக் கன்னத்தில் பட்டது. அவர் முழங்காலில் விழுந்தார். விசில் வாயிலிருந்து தெறித்துப் புல்லில் போய் விழுந்தது. பிறகு சித்தப்பா கை தட்டுவது மட்டும் கேட்டது. எங்கள் பையன்கள் இரண்டு பேர் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு அது தவறவிட்ட கோல். கால் வழுக்கிவிட்டது என்றேன். எல்லாரும் நம்பினார்கள். நடுவரும் நம்பினார் என்றுதான் தோன்றியது, அட்டை எடுக்கவில்லை.

மரத்தடியிலிருந்து அப்பா மறுபடியும் ஓடி வந்தார். என்னிடம் வரவில்லை. தோளில் கிடந்த துண்டை ஈரமாக்கி, மண்டியிட்டு, அந்த மனிதரின் காதில் ஒத்திக்கொடுத்தார். "வலிக்குதா சார்? சொரி சார். சின்னப் பிள்ள சார்." நடுவர் துண்டைத் தட்டிவிட்டு எழுந்தார். பந்தைக் கீழே போட்டு ஆட்டத்தைத் தொடங்கினார். மூன்று நிமிடம் கழித்து முடித்தார். ஒன்றுக்குப் பூஜ்யம். தோற்றோம்.

வீடு திரும்பக் காடியில் ஏறியதும் சித்தப்பா வெடித்தார். "அண்ணே, அவன் உன் சூப்பர்வைசராவே இருக்கட்டும். சாமிக் கயித்த வெட்டச் சொன்னா வெட்டிருவியா? துண்ட வெச்சுத் தொடச்சு வேற விடுற!"

"வாய மூடுடா. பிள்ள இருக்கு."

"பிள்ளைக்கும் தெரியட்டும் லா! மார்ச்சுல கோன்ட்ராக் முடியுது, அவன்தான் சைன் பண்ணணும், அதானே? அதுக்கு உன் மக கைதான் கெடச்சுதா?"

அப்பா சிவப்பு விளக்குக்கு நின்றபோது சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். தொழிற்பேட்டையில் அப்பா பழுது பார்க்கும் டெக்னிஷியன். ஆண்டுக்கு ஒரு தடவை புதுப்பிக்கும் ஒப்பந்தம் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். வாரத்தில் ஆறு நாள் அந்த நடுவருக்குக் கீழேதான் அவர் வேலை செய்கிறார் என்பதும். பின்இருக்கையில் உட்கார்ந்து அவர் பிடரியைப் பார்த்துக்கொண்டே வந்தேன். பயந்தாங்கொள்ளி என்று மனத்துக்குள் சொன்னேன். வீடு வரும் வரை திரும்பத் திரும்பச் சொன்னேன்.

அம்மா என் கையைப் பார்த்தாள். அப்பா சட்டைப் பையிலிருந்ததை எடுத்து மேசையில் வைத்தார். அவள் தம்பியைக் கூப்பிட்டு நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அப்பாவுக்குச் சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள், எதிரே உட்காரவில்லை. மறுநாள் விடியற்காலையில் என்னைக் கோயிலுக்குக் கூட்டிப்போனாள். பூசாரி கேட்டுவிட்டு, குழந்தை தப்பு இல்லையே என்று புதுக் கயிறு கட்டினார். தைப்பூசத்தன்று மார்க்கெட் ஸ்திரீட்டில் வாங்கிய பித்தளைச் செம்பைத் தலையில் வைத்து அத்தனை படியும் ஏறினேன். தம்பிக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆட்டம் முடிந்து மூன்றாவது வாரம் கடிதம் வந்தது. அப்பா வேலையிலிருந்து கொண்டுவந்தார். ஆங்கிலத்தில் இருந்தது. அம்மா தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்தவள். "நீங்க சொல்ற மாதிரிதான் எழுதியிருக்கான்னு நான் எப்படி நம்புறது? புள்ள படிக்கட்டும்," என்று என்னிடம் நீட்டினாள். இரண்டு தாள், மூலையில் ஊசி குத்தியிருந்தது. முதல் தாளைப் படித்தேன். பாதிச் சொற்கள் தெரியவில்லை. ஆனால் 'ரின்யூ' தெரியும். பள்ளி நூலகத்தில் புத்தகத்தை இன்னொரு வாரம் வைத்துக்கொள்ள அதைத்தான் சொல்ல வேண்டும். இங்கே அதற்கு முன்னால் 'நாட்' இருந்தது. இரண்டாம் தாளைத் திருப்பப் போனேன்.

"அது வெறும் ஃபாரம்மா," என்று அப்பா என் கையிலிருந்து வாங்கி மடித்துவிட்டார்.

எனக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். பந்து அவர் காதில் பட்டது. கால் வழுக்கியதை அவர் நம்பவில்லை. நம்பாமல், மூன்று வாரம் காத்திருந்து, அப்பாவுக்குக் கணக்குத் தீர்த்துவிட்டார். காலியாக இருந்த பக்கம் நான் அடித்திருந்தால் அப்பாவுக்கு வேலை இருந்திருக்கும். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. காற்பந்துச் சப்பாத்தைப் பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுத்துவிட்டேன். இரண்டு மாதம் கழித்து அப்பாவுக்குக் கடலுக்கு அக்கரையில், பட்டர்வொர்த்தில் ஒரு கிடங்கில் வேலை கிடைத்தது. முதல் ஃபெரிகளில் ஒன்றைப் பிடிக்க, விடியுமுன் மோட்டார் சைக்கிளை எடுப்பார். அது கிளம்பச் சிரமப்படும் வண்டி. நாலைந்து உதை வேண்டும். ஒவ்வொரு உதைக்கும் நான் படுக்கையில் விழித்திருந்தேன். ஆறு ஆண்டுகள். அந்த ஆறு ஆண்டில் நான் அப்பாவைப் பயந்தாங்கொள்ளி என்று ஒரு தடவைகூட நினைக்கவில்லை. எனக்கு அந்த உரிமை இல்லை என்று முடிவுசெய்திருந்தேன்.

நான் இப்போது ஒரு செய்தித்தாளில் பிழை பார்க்கும் வேலையில் இருக்கிறேன். எந்தத் தாள் கைக்கு வந்தாலும் முதலில் தேதியைப் பார்ப்பது என் பழக்கம். போன ஆண்டு அப்பாவின் சேமநிதிக்காகப் பழைய வேலைப் பத்திரங்களைத் தேடியபோது அந்தக் கடிதம் கிடைத்தது. அப்பா கூடத்தில் தொலைக்காட்சியில் காற்பந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் இரண்டாம் தாளைத் திருப்பினேன்.

அது மதிப்பீட்டுப் படிவம். வேலைத்திறன், நேரம் தவறாமை, ஒத்துழைப்பு என்று கட்டங்கள். எல்லாவற்றிலும் நல்ல மதிப்பெண். கடைசிக் கட்டத்தில், ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் பரிந்துரைக்கவில்லை என்ற வரிக்கு நேராக ஓர் அடையாளம். கீழே அந்த நடுவரின் கையெழுத்து. பக்கத்தில் அவர் கையாலேயே எழுதிய தேதி.

அந்த ஆண்டின் நாள்காட்டியை எடுத்து, தைப்பூசத்திலிருந்து ஒன்பது நாள் பின்னோக்கி எண்ணிப் பார்த்தேன். அவர் கையெழுத்துப் போட்டது வெள்ளிக்கிழமை. ஆட்டம் அதற்கு இரண்டு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை நடந்தது.